ஞாயிற்றுக்கிழமைக் கரி

1984 மார்ச்சில் ஆவடிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டுக்குக் கிழக்கே, பாடிக்குப் போகும் வழியில் இருந்த ஒரு புது மனைப்பிரிவுக்குக் குடிவந்தோம். அதற்கு ஒரு வருடம் முன்பு மனையைக் காட்ட வந்த தரகர், எல்லைக் கல்லைக் காட்டுவதற்கு முன்பே மேற்கே கையை நீட்டிப் புகைபோக்கிகளைக் காட்டினார்.

“அத்தப் பாருங்க சார். பொகை வருதா? அது வர்ற வரிக்கும் இங்க ஒரு ஊடு காலியா நிக்காது. நீங்க குடி வராட்டிகூட வாடகைக்கு ஆளு ஓடியாரும்.”

நான் அந்த மனையை வாங்கியதற்குப் புகையும் ஒரு காரணம் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அன்றைக்கு அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. வேலைநிறுத்தம் வந்து புகைபோக்கிகள் சில நாள் சும்மா நின்றால் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து மேற்கே பார்ப்பார். “இன்னும் பத்த வெக்கலியா?” என்று போகிறவர் வருகிறவரிடம் கேட்பார். அவருக்கு மட்டுமல்ல, தெருவில் முக்கால்வாசிப் பேருக்குப் புகை என்றால் சம்பளம். அந்த வருடம் டிசம்பரில் போபால் செய்தி வந்தபோது ஒரு வாரம் எல்லாரும் காற்றை மோந்து பார்த்தார்கள். அமிலக் கிடங்கு எங்கே இருக்கிறது, எந்தக் கம்பெனியில் என்ன வாயு என்று பேசினார்கள். பொங்கல் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது.

எனக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவு. மற்றவர்கள் எதைக் கொண்டு அளக்கிறார்களோ அதை நாங்கள் அளப்போம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. குடிவந்த ஜூன் மாதமே மொட்டை மாடியில் மழைமானி ஒன்று வைத்தேன். கிளை நூலகத்தில் வானிலைப் பதிவு பற்றிய பழைய கையேடு ஒன்று கிடைத்தது. அதில் இருந்த விதிகளை அப்படியே கைக்கொண்டேன். அவற்றில் ஒன்று மட்டும் இந்தக் கதைக்கு வேண்டும். மழையைக் காலையில்தான் அளப்பார்கள். அளந்த தேதியில்தான் எழுதுவார்கள். ஐந்தாம் தேதி காலை மானியில் இருக்கும் தண்ணீர் பெரும்பாலும் நான்காம் தேதி பெய்ததுதான். ஆனாலும் அது ஐந்தாம் தேதி மழை. ஊரெல்லாம் ஒரே மாதிரி எழுதினால் குழப்பம் இல்லை என்பது அதன் நியாயம். வானிலை அலுவலக முறைப்படி எட்டரை மணிக்கு அளக்க வேண்டும். ஏழு மணிக்கே பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்குக் கிளம்புகிற எனக்கு அது முடியாது. ஆறரை என்று வைத்துக்கொண்டேன். இந்த விவரத்தை முதல் நோட்டின் அட்டை உட்புறத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்தேன். அடுத்தடுத்த நோட்டுகளில் அதைத் திரும்ப எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

அந்த வருடமே மழையோடு வெப்பமும் சேர்ந்தது. 1986-இல் கரியும் சேர்ந்தது. ஒரு சாண் அளவுள்ள கண்ணாடித் துண்டில் மெல்லியதாக வாசலைன் தடவிக் கைப்பிடிச் சுவரின் மேல் வைப்பேன். மறுநாள் காலை அதை ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்ப்பேன். பென்சிலால் நான்கு சாயல்களில் தீட்டிய அட்டை ஒன்று என்னிடம் இருந்தது. சுத்தம் என்றால் பூஜ்யம். கண்ணாடிக்குக் கீழே தாள் தெரியாத அளவு கறுத்திருந்தால் மூன்று. பிறகு துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவி வைப்பேன். இதை எதற்காகச் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யார்மீதும் புகார் இல்லை. விழுகிறது, எவ்வளவு என்று பார்த்தேன்.

எங்கிருந்து விழுகிறது என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் எஸ்டேட்டின் இந்த ஓரத்தில் இருந்த ஒரு ஃபவுண்டரியில் உலைக்காரர். என்னைவிட எட்டு வயது மூத்தவர்; கொரட்டூரிலேயே பிறந்து வளர்ந்தவர். பெரிய இரும்புப் பீப்பாய் போன்ற உலை, உள்ளே செங்கல் பூச்சு. மேலிருந்து கல்கரியும் பழைய இரும்பும் சுண்ணாம்புக் கல்லும் மாற்றி மாற்றிக் கொட்டி, கீழே காற்றை ஊதினால் இரும்பு உருகி வாய் வழியே வரும். எப்போது வாயைத் திறப்பது என்று நிறத்தைப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. தினமும் உலையைப் பற்ற வைப்பதில்லை. மணலில் அச்சுகளைச் செய்து அடுக்கி வைத்துக்கொண்டு, புதனும் சனியும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பற்ற வைப்பார்கள். இருட்டிய பிறகுதான் ஊற்றி முடியும். சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. ஞாயிறு முழுவதும் வார்ப்புகள் மணலுக்குள்ளேயே நிதானமாக ஆறும். திங்கட்கிழமை வந்து உடைத்தெடுக்கலாம்.

பகலில் கடற்காற்று புகையை மேற்கே தள்ளிக்கொண்டு போகும். இருட்டியதும் காற்று திரும்பி எங்கள் பக்கம் கொண்டுவரும். ஆகவே என் நோட்டில் வியாழனும் ஞாயிறும் இரண்டோ மூன்றோ இருக்கும். மற்ற நாட்களில் பூஜ்யம், எப்போதாவது ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்துவிட்டால் எல்லா நாளும் பூஜ்யம்.

உலைக்காரருக்கு இந்த விளையாட்டு மிகவும் பிடித்திருந்தது. வியாழக்கிழமை காலை நான் சைக்கிளை வெளியே எடுக்கும்போது பல் விளக்கிக்கொண்டே கேட்பார்.

“இன்னா வாத்யாரே, நேத்து எத்தினி மார்க்கு?”

“மூணு, அண்ணே.”

“பாத்தியா! சரக்கு நேத்து ஃபஸ்ட் கிளாஸு. தண்ணி மாதிரி ஓடிச்சு.”

மூன்றுக்கு மூன்று வாங்கியவரைப் போலச் சிரித்துக்கொண்டு உள்ளே போவார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தெரு மாறியது. மாறிய விதத்தை என்னால் ஓரளவு துல்லியமாகச் சொல்ல முடியும். 1984-இல் எங்கள் தெருவில் இருந்த பதினோரு வீடுகளில் ஒன்பது வீட்டு ஆண்கள் எஸ்டேட்டிலோ பாடியிலோ ஆவடியிலோ தொழிற்சாலை வேலைக்குப் போனவர்கள். பிறகு கட்டப்பட்ட வீடுகளுக்கு வந்தவர்கள் நகரத்துக்குள் அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள். நகரத்தில் மனை வாங்க முடியாமல் இங்கே வந்தார்கள். எங்களுக்குச் சம்பளமாகத் தெரிந்த புகை அவர்களுக்குப் புகையாகவே தெரிந்தது. அவர்கள் வந்த பிறகுதான் ‘மாசு’ என்ற சொல் எங்கள் தெருவில் பேச்சில் புழங்க ஆரம்பித்தது. அவர்கள் தவறாக எதுவும் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலேயே சின்னவளுக்கு மார்கழி முடிந்து வாடை நின்றதும் இருமல் வரும். அதைப் பனி என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

1991-இல் குடியிருப்போர் சங்கம் ஒன்று அமைந்தது. தலைவர் வங்கியில் அதிகாரி, நிறையப் படிப்பவர். ரியோவில் பூமி உச்சி மாநாடு நடந்த 1992 ஜூனில் பத்திரிகைச் செய்திகளை வெட்டி அட்டையில் ஒட்டித் தன் வீட்டு வராந்தாவில் மாட்டி வைத்தார். ஞாயிறு காலைகளில் அங்கே கூட்டம் சேரும். பூமி சூடேறுகிறதா இல்லையா என்று விவாதம் நடக்கும். வெயில் காலத்தில் ஏறுகிறது என்ற கட்சிக்கும் மழைக்காலத்தில் இல்லை என்ற கட்சிக்கும் பலம் கூடும். ஒருமுறை அந்த வழியாகப் போன உலைக்காரரைத் தலைவர் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“உங்க உலையில எரிக்கிற கரிதான் மேல போய் போர்வை மாதிரி பூமியைப் போர்த்துது, தெரியுமா?”

“தெரியாது சார்” என்றார் உலைக்காரர். “பூமிக்கு ஜுரம்னா எங்கள இன்னாத்துக்கு சார் புடிக்கிறீங்க? அமெரிக்காக்காரன் காரெல்லாம் தண்ணியிலயா ஓடுது? அவன ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. அவன் பேப்பர்ல எழுதறான், நீங்க வெட்டி ஒட்டிக்கினு கீறீங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். ரியோவிலும் ஏறக்குறைய இதைத்தான் பேசினார்கள் என்று அவர் பிறகு என்னிடம் ஒத்துக்கொண்டார்.

1993 பிப்ரவரியில் சங்கம் அரசுக்கு மனு எழுதியது. வரைவை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ‘மேற்படி ஃபவுண்டரியின் உலை தினமும் இயக்கப்படுகிறது. வார விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையன்றுகூட விடாமல் இயக்கப்படுவதுடன், அன்றுதான் மிக அதிகமாகக் கரி விழுகிறது’ என்று ஒரு வாக்கியம் இருந்தது.

“ஞாயிற்றுக்கிழமை ஃபவுண்டரி பூட்டியிருக்குமே” என்றேன்.

“சார், ஞாயித்துக்கிழமை நான் வீட்லதானே இருக்கேன்? காலையில பேப்பர் படிக்க பால்கனிக்குப் போனா சேர் மேல கரி. அது என்ன ஆகாசத்துலேர்ந்தா குதிச்சுது?”

கூட்டத்தில் எல்லாரும் ஆமோதித்தார்கள். அவர்கள் சொன்னது பொய்யல்ல. வாரத்தில் ஆறு நாட்கள் இருட்டோடு கிளம்பி இருட்டியபின் திரும்புகிறவர்கள். சொந்த மொட்டை மாடியை வெளிச்சத்தில் பார்ப்பதே ஞாயிறு ஒரு நாள்தான். அது முந்தைய இரவின் கரியாக இருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார்கள். நானும் விட்டுவிட்டேன். கடைசியில் தலைவர் என் தோளில் கை வைத்தார்.

“ஏழு வருஷமா எழுதி வச்சிருக்கீங்க. உங்க நோட்டுதான் சார் நமக்குச் சாட்சி.”

செய்தி எதிர்வீட்டுக்கு அன்றே போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த வாரத்தில் ஒரு மாலை உலைக்காரர் வந்தார். வழக்கமாக வாசலிலேயே நின்று பேசுகிறவர், அன்று உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மொதலாளி இன்னிக்கி எங்க எல்லாரையும் கூப்புட்டு சொல்ட்டாரு. கெவுருமெண்டுலேர்ந்து பொகைக்கு மிஷின் வெய்யின்னு ஆர்டர் வந்தா வெக்க மாட்டாராம். நசரத்பேட்டையாண்ட எடம் வாங்கிப் போட்டுக் கீறாரு. அங்க போயி கரண்டு ஒலை போட்டுக்குவாராம்.”

“உங்களையும் கூட்டிட்டுப் போவாரில்ல?”

“கரண்டு ஒலைக்கு நான் எதுக்கு? அதுல முள்ளு காட்டுது. முள்ளப் பாக்கறதுக்கு ஐடிஐ பையன் போதும்.” நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தார். “எனக்கு அம்பத்திரண்டு வயசாவுது. கரி ஒலைய உட்டா வேற ஒண்ணும் தெரியாது, வாத்யாரே. எங்க ஒன் நோட்ட காட்டு. எங்கள இன்னான்னு எழுதி வெச்சிக் கீற?”

எடுத்துக் கொடுத்தேன். மார்க்குகளைக் காதால் கேட்டிருந்தாரே தவிர, பக்கத்தை அவர் பார்த்தது அதுதான் முதல் முறை. நான்காம் வகுப்பு வரை படித்தவர். விரலை வைத்துக் கிழமைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். திடீரென்று நிமிர்ந்தார், முகத்தில் கோபம்.

“இன்னாய்யா இது, புதன்கெழமைக்கு முட்டை போட்டு வெச்சிக் கீற? சனிக்கெழமையும் முட்டை? நாங்க அங்க ரத்தம் சுண்ட ஊதிக்கினு கீறோம், நீ இங்க முட்டையா போட்ற?”

காலையில் எடுப்பதால் அன்றைய தேதியில் எழுதுகிறேன், மழைக்கும் அப்படித்தான், புதன் கரிதான் வியாழனில் இருக்கிறது என்று விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டார். மறுபடி நோட்டைப் பார்த்தார். இரண்டு மூன்று பக்கங்கள் புரட்டினார். கோபம் போய் முகம் வேறு மாதிரி ஆவதைப் பார்த்தேன்.

“அப்பிடின்னா இத்த வெறுமன படிக்கிறவனுக்கு இன்னா தெரியும்? ஃபவுண்டரி பத்த வெச்ச நாள்ல கரி இல்ல. பூட்டிக் கீற ஞாயித்துக்கெழமையில கரி கீது. அப்பிடித்தான?”

“அப்படித்தான் தெரியும்.”

“காலையில எட்த்தது, அது இதுன்னு இதுல எழுதிக் கீதா?”

“இதுல இல்ல. முதல் நோட்டுல இருக்கு.”

முதல் நோட்டு எங்கே என்று அவர் கேட்கவில்லை. நோட்டை மூடி என் மடியில் வைத்தார்.

“நான் உன்ன பொய் சொல்லுன்னு கேக்க மாட்டேன். கேட்டாங்கன்னா சொல்டு. நீயா எத்தியும் சொல்லாத.”

சரி என்றேன். சொன்னபோது அது சிறிய விஷயமாகத் தோன்றியது.

விசாரணை ஏப்ரலில் ஒரு வேலை நாளில், ஃபவுண்டரி அலுவலகத்திலேயே நடந்தது. அரை நாள் விடுப்பு எடுத்தேன். சங்கம் கேட்டது கரிக் குறிப்பு தொடங்கும் மூன்றாம் நோட்டிலிருந்து. அவற்றை மட்டும் பையில் வைத்துக்கொண்டேன். முதல் நோட்டு அலமாரியில் இருந்தது. அதையும் எடுத்துப் போக யாரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

வந்த அதிகாரி முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பார். மனுவைப் படித்துவிட்டு நோட்டுகளை வாங்கிக்கொண்டார். அரை மணி நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஃபவுண்டரி முதலாளி எதிரே உட்கார்ந்திருந்தார். உலைக்காரர் மற்ற தொழிலாளிகளோடு கதவுக்கு வெளியே நின்றார்.

“ஞாயித்துக்கிழமை உலை ஓடுதுன்னு எழுதியிருக்கீங்க” என்றார் அதிகாரி தலைவரிடம்.

“ஆமாம் சார். நோட்டுலயே இருக்கு பாருங்க. ஞாயிறு எல்லாம் மூணு.”

முதலாளி வருகைப் பதிவேட்டை மேசைமேல் வைத்துத் திருப்பினார். ஞாயிறுகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. மின்சாரச் சீட்டு, வாயிற்காவலர் பதிவேடு எல்லாவற்றையும் எடுத்துவைத்தார்.

“நாங்க உருக்கறது புதனும் சனியும் சார். அந்த ரெண்டு நாளும் அவங்க நோட்டுல என்ன போட்டிருக்குன்னு நீங்களே பாருங்க. பூஜ்யம்! இது நான் எழுதினது இல்ல. அவங்க கொண்டுவந்த சாட்சி.”

தலைவர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். அதிகாரி நோட்டில் சில பக்கங்களைச் சரிபார்த்து, ஏதோ குறித்துக்கொண்டார். ‘எத்தனை மணிக்கு எடுப்பீர்கள்’ என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். பதிலும் தயாராக இருந்தது. அவர் கேட்டது வேறு.

“வெப்பமும் எழுதியிருக்கீங்களே! ஏழு வருஷம். தனியாள் ஒருத்தர் இவ்வளவு காலம் எழுதி நான் பார்த்ததில்ல. பூமி சூடாகுதுங்கறாங்களே, உங்க நோட்டுல தெரியுதா?”

“கண்டிப்பா தெரியும் சார்” என்றார் தலைவர்.

“அதெல்லாம் வெளிநாட்டுக்காரன் நம்ம தொழிலை மூட வைக்கக் கட்டற கதை” என்றார் முதலாளி.

நான் பேசினேன். அன்று நான் பேசியது அதைப்பற்றி மட்டும்தான். பத்து நிமிடம் பேசியிருப்பேன். பதிவின் முற்பாதியைவிடப் பிற்பாதியில் மே மாத வெப்பம் கூடுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் 1984-இல் வெப்பமானிக்கு எதிரே இருந்தது புல் மண்டிய காலி மனை. இப்போது மாடி வீடு. தெரு மண்ணாக இருந்தது. 1989-இல் தார் போட்டார்கள். மானி மாட்டியிருக்கும் சுவருக்கு நானே சிமெண்ட் பூச்சு செய்திருக்கிறேன். ஆகவே ஏறியிருப்பது பூமியின் வெப்பமா, என் சுவரின் வெப்பமா என்று இந்த நோட்டை வைத்துச் சொல்ல முடியாது. பூமி சூடாகவில்லை என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு வேறு ஊர்களின் நீண்ட பதிவுகள் வேண்டும்.

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். “இப்படிப் பேசறவங்க குறைவு சார்” என்றார். “தன்கிட்ட இருக்கற ஆதாரத்தோட குறையைத் தானே சொல்றாரு பாருங்க.” முதலாளியும் தலையாட்டினார்.

நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். வெளியே வந்தபோது உலைக்காரர் என் சைக்கிளைத் திருப்பி நிறுத்தி வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவளுக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். எத்தனை வருடம் ஆகியும் பேச்சு மாறவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

“ஞாயித்துக்கெழம கரி எங்கிருந்து வந்துதுன்னு அத்தன ஆம்பளையளுக்கும் தெரியலையாக்கும்? சனிக்கெழம ராத்திரி விழுததத்தான ஞாயித்துக்கெழம காலம்பற பெருக்குதோம். தெருவுல எந்தப் பொம்பளயக் கேட்டாலும் சொல்லியிருப்பாளே.”

“யாரும் கேக்கல.”

“ஒங்களுக்குத் தெரியும்லா?”

எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். மறுபடி அரிசியைக் களையத் தொடங்கினாள். சின்னவளின் இருமல் மருந்து தீர்ந்துவிட்டது, கடைக்குப் போகும்போது வாங்கி வரவேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

உலைக்கும் கரிக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்று முடிவு வந்தது. பொதுவான யோசனையாகப் புகைபோக்கியை உயர்த்தச் சொல்லியிருந்தார்கள். முதலாளி அதைச் சந்தோஷமாகச் செய்தார். அந்த ஆண்டு ஆயுத பூஜைக்குள் புகைபோக்கி முன்னைவிடப் பாதி உயரம் கூடிவிட்டது. என் கண்ணாடியில் மூன்று என்பது அரிதானது. வியாழனும் ஞாயிறும் ஒன்று என்றே வந்தன. சங்கம் இதைத் தன் வெற்றி என்று தீர்மானம் போட்டது. சின்னவளின் இருமலும் குறைந்தது. உலைக்காரர் வேலைக்குப் போய்வந்தார். வியாழக்கிழமைகளில் மார்க்கு கேட்பது மட்டும் நின்றுவிட்டது. மற்றபடி தீபாவளிக்குப் பலகாரம் வரும். எங்கள் வீட்டிலிருந்தும் போகும்.

1995 ஜனவரியில் ஒரு ஞாயிறு காலை ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையாகச் சைக்கிளில் போனேன். அங்கே வரிசையாகச் சிறிய ஓட்டு வீடுகள். ஒரு வீட்டு வாசலில் பாயில் உலர்த்தியிருந்த அரிசியை ஒரு பெண் முறத்தில் அள்ளி ஊதிக்கொண்டிருந்தாள். ஊதியதும் கறுப்பாகப் பறந்தது. இறங்கிப் பக்கத்துத் திண்டில் விரலால் தேய்த்துப் பார்த்தேன். என் பென்சில் அட்டை கையில் இல்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே என்று மதிப்பிட்டேன். அன்று வீட்டுக்கு வந்து, மூன்றாம் நோட்டு முதல் ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் சிவப்பு மையில் எழுதினேன்: ‘எல்லா அளவுகளும் காலை ஆறரை மணிக்கு எடுக்கப்பட்டவை. முந்தைய இருபத்துநான்கு மணி நேரத்துக்கு உரியவை.’ எழுதிய தேதியையும் போட்டேன். யாரும் அவற்றைக் கேட்டு வரவில்லை.

1997-இல் வந்தார்கள். ரயில்பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நான்கு பேர். அவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை. பழைய மனுவைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்ததாகச் சொன்னார்கள். நோட்டுகளை மேசையில் வைத்தேன். ஆசிரியை திறக்கும் முன்பே கேட்டார்.

“இது காலையில பார்த்து எழுதினதா சார், சாயங்காலமா?”

“காலையில. ஆறரைக்கு.”

“அப்போ ஞாயிறுன்னு போட்டிருந்தா அது சனிக்கிழமை ராத்திரி விழுந்தது.”

“ஆமாம்.”

அவர் அதைத் தன் தாளில் குறித்துக்கொண்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று மாலையே எதிர்வீட்டுக்குப் போனேன். உலைக்காரர் வாசலில் சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, கேட்டுட்டாங்க. சொல்லிட்டேன்.”

நிமிராமலே கேட்டார். “யாரு?”

“அந்தப் பக்கத்து ஆளுங்க. ஒரு டீச்சர்.”

“பொம்பளையா? அதான் கேட்டுக் கீது” என்றார். டியூபைத் திருப்பி மறுபக்கத்தை அமுக்கினார். “நாலு வருசம் ஓட்டிட்டேன். போ, போயி காபி குடி.”

புகைக்கு மிஷின் வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. சொன்னபடியே முதலாளி நசரத்பேட்டைக்குப் போனார். 1998 பங்குனியில் ஒரு சனிக்கிழமை கடைசியாக உலையைப் பற்ற வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதத்தில் அதை வெட்டி எடைக்குப் போட்டார்கள். புதிய இடத்தில் உலைக்காரருக்குக் கேட் காவல் கொடுத்தார்கள். காக்கிச் சட்டையோடு காலை ஐந்தரைக்குக் கிளம்பி, பூந்தமல்லி போய், அங்கே பஸ் மாறிப் போவார்.

மே மாதத்தில் ஒரு மாலை, திரும்பி வருகிறவர் தன் வீட்டுக்குப் போகாமல் எங்கள் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சொம்பு காலியாகும் வரை அண்ணாந்து குடித்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

“அங்க ஒரு மரம் கெடையாது வாத்யாரே. கேட்டாண்ட தகரக் கொட்டாய், அதுக்குள்ள ஒரு நாற்காலி. இருவத்தாறு வருசம் நெருப்பு முன்னாடி நின்னுக்கினு இருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரில. இப்ப சும்மா குந்திக்கினு கீறேன், வெயிலு தாங்கல. நெசமாவே ஜாஸ்தி ஆயிடிச்சா, இல்ல எனக்குத்தான் அப்பிடி கீதா?”

இரண்டும் இருக்கலாம் என்றேன்.

“கரெக்டா சொல்லு. நீதான் எழுதிக்கினு கீறியே.”

இந்தப் பக்கத்து வெப்பம்தான் என்னிடம் இருக்கிறது, நசரத்பேட்டையைப் பற்றி என்னால் சொல்ல முடியாது என்றேன். பிறகு சொம்பைப் படியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அந்த வேலையை ஆடி பிறக்கும் முன் விட்டுவிட்டார்.